சனி, ஞாயிறு மட்டும் கையில் இருந்தால்: சென்னையிலிருந்து அதிகம் பேசப்படாத ஐந்து ஊர்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிகிறது. திங்கள் காலை திரும்பவும் ஆஜராக வேண்டும். நடுவில் கிடைப்பது இரண்டு பகல், மூன்று இரவு. இதற்குள் எங்கே போய் வரலாம் என்று யோசிக்கும்போது பெரும்பாலும் எல்லோரும் முதலில் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். பக்கத்தில் இருந்தால் அலைச்சல் குறைவு என்று கணக்குப் போட்டு, கடைசியில் மாமல்லபுரம், புதுச்சேரி, ஏலகிரி என்று அதே இடங்களில் போய் நிற்கிறோம். அங்கே நமக்கு முன்பே பாதிச் சென்னை வந்து நிற்கிறது.

நான் பார்ப்பது வேறு கணக்கு. விழித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கப் போகும் நேரம் எவ்வளவு? திங்கட்கிழமை உடம்பை அடித்துப் போடுவது அந்த நேரம்தான். நூற்றைம்பது கிலோமீட்டரை நெரிசலில் ஓட்டிக்கொண்டு போனால் அலுப்பு மிச்சம். முந்நூறு கிலோமீட்டரை ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டே கடந்தால் காலையில் புது ஊரில் பல் தேய்க்கலாம். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பக்கம், தூரம் என்பதற்கே அர்த்தம் மாறிவிடும்.

ஒப்பிட நான் எடுத்துக்கொண்டவை ஐந்து: பழவேற்காடு, தரங்கம்பாடி, சவ்வாது மலை, செஞ்சி வட்டாரம், புதுக்கோட்டை வட்டாரம். எதுவும் யாருக்கும் தெரியாத ஊர் அல்ல. பெயர் எல்லோருக்கும் தெரியும், போனவர்கள் குறைவு. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் முழுதாகக் கிடைத்தால் என் ஓட்டு புதுக்கோட்டைக்கு. ஒரே நாள்தான் என்றால் செஞ்சிக்கு. மற்ற மூன்றுக்கும் போக நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் அவை எல்லோருக்கும் பொருந்தாது.

பழவேற்காடு: அரை நாள் போதும்

சென்னைக்கு வடக்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் போதும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றி, 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று புதர் மூடிய மேடாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்கவே போகலாம். ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்.

ஒரு எச்சரிக்கை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையில் யாராவது வந்து படகுச் சவாரிக்குக் கூப்பிட்டால், உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

சனிக்கிழமையும் வேலை, ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்றால் பழவேற்காடு சரி. காலையில் கிளம்பி, மீன் குழம்பு சாப்பாட்டை முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். இரண்டு நாளைச் செலவழிக்க அங்கே ஒன்றும் இல்லை.

தரங்கம்பாடி: ஓய்வு வேண்டியவர்களுக்கு

மயிலாடுதுறைக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இந்த ஊரில்தான். 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. கடல் அதன் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

அமைதியான ஊர். ராஜ வீதியில் நடந்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். அதன் குறையும் அதுதான், நிறையும் அதுதான். ஏறி இறங்க முடியாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த ஐந்தில் இதுவே முதலிடம். பக்கத்திலேயே திருக்கடையூர் இருப்பதால் அவர்களுக்கும் மனம் நிறையும்.

சவ்வாது மலை: வானம் பார்க்க

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை. ஏலகிரிக்குப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இங்கே வருவதில்லை. ஜமுனாமரத்தூரை மையமாக வைத்துக்கொண்டு பீமன் அருவி, கோலப்பன் ஏரி என்று சுற்றலாம். சாமை, தேன், பருவத்தில் பலாப்பழம் எல்லாம் மலையாளிப் பழங்குடி மக்களிடமிருந்து நேரடியாகவே வாங்கலாம்.

ஆனால் நான் இந்த மலையைச் சொல்வதற்குக் காரணம் காவலூர். ஊர் விளக்குகளின் வெளிச்சம் எட்டாத காட்டுக்குள் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1977-ல், யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்குண்டு. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். வானம் தெளிவாக இருந்தால் இரவில் சிறிய தொலைநோக்கி வழியே பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும். கிளம்பும் முன் அன்றைக்கு அனுமதி உண்டா என்று அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போய்ப் பயனில்லை. தை முதல் பங்குனி வரைதான் வானம் கை கொடுக்கும்.

சிக்கல் போக்குவரத்தில்தான். வாணியம்பாடி வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மேலே போகும் பேருந்துகள் குறைவு. இரவில் தொலைநோக்கி பார்த்துவிட்டுத் தங்கும் இடத்துக்குத் திரும்ப சொந்த வண்டி இல்லாமல் முடியாது. சென்னையிலிருந்து காரில் போனால் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். என் கணக்குப்படி இது கனமான விலை. பத்து, பன்னிரண்டு வயதில் வானத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த விலையை யோசிக்காமல் கொடுக்கலாம். அந்த வயதில் சனிக்கோளின் வளையத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது.

செஞ்சி: ஒரே நாளில் நிறைவு

சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். திண்டிவனத்தில் பேருந்து மாறினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மீதி ஒன்று நம்முடைய செஞ்சி. இனி கூட்டம் கூடும். போக நினைப்பவர்கள் சீக்கிரம் போய்விடுவது நல்லது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் ஓடுகிறது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் இராஜாராம் இங்கே தங்கியிருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. இராஜகிரியில் ஏறும்போதுதான் அந்த எட்டு வருஷத்துக்குக் காரணம் புரியும். படி ஏற ஏற ஒரு வாசலுக்குப் பின் இன்னொரு வாசல். உச்சிக்குப் பக்கத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் கிடக்கிறது. அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தபோது எனக்குக் கால் கூசியது. வரலாற்றுப் பாடத்தில் முற்றுகை என்று ஒரு சொல்லில் கடந்துபோனது அங்கே கல்லாக நின்றது.

மதியத்துக்குப் பிறகு இராஜகிரியில் ஏற விடமாட்டார்கள். காலை ஒன்பது மணிக்குள் அடிவாரத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். கையில் தின்பண்டம் வேண்டாம், தண்ணீர் மட்டும் நிறைய வேண்டும்.

கோட்டையோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர் குன்றில் ஒரு பாறை முழுக்க 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக எழுதிய பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. விழுப்புரம் போகும் பக்கம் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மூன்று தெய்வங்களுக்கும் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் பெருமையோடு கல்லில் எழுதி வைத்த குடைவரை. அதே பக்கத்தில் பனமலையில் இராஜசிம்மன் கோயில். அங்கே ஒரு சுவரில் தலை சாய்த்து நிற்கும் உமையின் ஓவியம் மங்கலாக மிஞ்சியிருக்கிறது. கையில் கார் இருந்தால் மாலைக்குள் நான்கும் முடியும். பேருந்தை நம்பினால் கோட்டையும் திருநாதர் குன்றும்தான்.

செஞ்சியின் குறை, போகவும் வரவும் ஏழு மணி நேரம் வரை விழித்தே உட்கார வேண்டும் என்பது. ஞாயிற்றுக்கிழமை மாலை திண்டிவனத்திலிருந்து சென்னை வரை நெடுஞ்சாலை நிரம்பி வழியும். அதனால் சனிக்கிழமை போய்விட்டு ஞாயிறு வீட்டில் படுத்துத் தூங்குவது உத்தமம்.

புதுக்கோட்டை: தூரம்தான் வசதி

புதுக்கோட்டைக்கு நேராகப் போகும் இராமேசுவரம் ரயில்கள் உண்டு. ஆனால் அவை நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். நான் சொல்வது திருச்சி வழி. இரவு பதினொன்று, பதினொன்றரை வாக்கில் எழும்பூரில் கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில் திருச்சியில் விடும். தாம்பரத்திலும் நிற்பதால் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தோது. வெள்ளி இரவு வீட்டில் சாப்பிட்டுவிட்டே ஏறலாம். ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் திருச்சியில் ஏறினால் திங்கள் விடிவதற்குள் சென்னை. குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம். இரண்டு நாளில் விழித்திருந்து வண்டியில் போகும் நேரம் மொத்தம் ஐந்து மணியைத் தாண்டாது. செஞ்சிக்கு ஒரு நாளில் ஆவதைவிடக் குறைவு.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் நார்த்தாமலை. சனிக்கிழமை முதல் வேலையாக இங்கே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மொட்டைப் பாறை கொதிக்கும். கீழே டீக்கடையில் இருந்த பெரியவர், "தம்பி, மேல எதுவும் கெடைக்காது, தண்ணி வாங்கிட்டு ஏறுங்க" என்றார். சரியான வார்த்தை. மேலமலைக்கு ஏறக் கால்மணி நேரம்கூட ஆகாது. வழியில் சுனை. அதைத் தாண்டினால் பாறைத் தளம் ஒன்று விரிகிறது, அதன் நடுவில் விஜயாலய சோழீஸ்வரம். சாத்தன் பூதி என்ற முத்தரையர் கட்டியது, மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் திரும்ப எடுத்தான் என்கிறது கல்வெட்டு. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். இப்படி ஓர் அமைப்பைத் தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். சுற்றி எட்டுச் சிறு கோயில்கள் இருந்திருக்கின்றன, ஆறு மிஞ்சியிருக்கின்றன.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈசுவரம். மற்றொன்றைச் சமணர் குடகு என்கிறார்கள். அதற்குள் சுவரில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஆள் உயரத்துக்கு, ஒரே மாதிரி, வரிசையாக நிற்கின்றன. காலை வெளிச்சம் உள்ளே விழும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் போன காலையில் எங்களைத் தவிர அங்கே ஆடு மேய்க்கும் ஒரு அம்மா மட்டும்தான். ஆயிரம் வருஷத்துக் கோயிலை இப்படி அவசரமில்லாமல், யாரும் தள்ளாமல், நிதானமாகப் பார்க்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. வாரம் முழுக்க நேரத்துக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

கீரனூரில் காலைச் சாப்பாடு. பிறகு கோயில் நடை சாத்துவதற்குள் குடுமியான்மலை. குன்றின் சரிவில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. பாட்டுக் கற்றவர்கள் யாராவது உடன் வந்தால் அவர்களை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவது கஷ்டம். மதியம் புதுக்கோட்டை டவுனில் சாப்பாடு. இந்த ஊர் முட்டை மாஸுக்குப் பெயர் போனது, விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் படுத்து எழுந்து மூன்றரைக்குத் திருமயம் போனால் கோட்டையையும் அடிவாரக் கோயில்களையும் பார்க்கலாம். 1687-ல் இராமநாதபுரத்துச் சேதுபதி கட்டிய கோட்டை அது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே 13-ஆம் நூற்றாண்டில் வழக்கு மூண்டு, ஹொய்சளத் தளபதி ஒருவர் வந்து தீர்த்து வைத்ததாகக் கல்வெட்டு உண்டு. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

ஞாயிறு காலை சித்தன்னவாசல். இங்கே எல்லோரும் செய்வது, நேராகக் குடைவரைக்குப் போய் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுங்கள். குன்றின் மறுபக்கம் ஒடுங்கிய வழி, கையில் கம்பி, கீழே சரிவு. இயற்கைக் குகைக்குள் சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய படுக்கைகள், தலைமாட்டில் மட்டும் கல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் மழமழவென்று இருக்கிறது. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து. இதையெல்லாம் வெயிலுக்கு முன் முடித்துவிட்டால், நிழலான குடைவரைக்குப் பத்து மணிக்கு மேல் போகலாம். கூரையில் தாமரைக் குளம். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது. கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். கருவறைக்குள் நின்று மெல்ல ஒரு ஓசை எழுப்பினால் அறை முழுக்க ரீங்காரம் எழும். காவலரைக் கேட்டால் அவரே செய்து காட்டுவார்.

மதியத்துக்கு மேல் அன்னவாசல் வழியாக விராலிமலைப் பக்கம் வந்து, கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பலாம். பூதி விக்கிரமகேசரி எடுத்த மூன்றில் இரண்டுதான் மிச்சம். மூன்றாவதன் அடித்தளம் அப்படியே கிடக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாசி கடந்தால் வெயில் தாங்காது. ஜனவரி தொடக்கத்தில் தச்சங்குறிச்சியில் தொடங்கி மாவட்டம் முழுக்க ஜல்லிக்கட்டு நடப்பதால் கார் கிடைப்பதும் அறை கிடைப்பதும் சிரமம். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா, அப்போது பாறையில்கூடக் கூட்டம் இருக்கும். சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலை மலையடிக்கும் பேருந்து அடிக்கடி இல்லை. நான்கு பேர் சேர்ந்து திருச்சியில் கார் பேசிக்கொள்வதுதான் உசிதம். தனியாகப் போகும் பெண்கள் நார்த்தாமலைக்கு அதிகாலையில் ஆள் அரவமில்லாத நேரத்தில் போகாமல், உடன் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

இப்படி ஊர்களை எப்படித் தெரிந்துகொள்வது

எனக்கு நார்த்தாமலையைச் சொன்னவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். கீரனூர்க்காரர். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் ஊரைப் பற்றி நான் கேட்டதே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், அரை மணி நேரம் பேசினார். தேடுபொறி முதலில் காட்டுவது ஏற்கனவே கூட்டம் போகும் இடத்தைத்தான். உங்களோடு வேலை பார்க்கிறவர்களில் பத்துப் பேரை அவரவர் ஊரில் சின்ன வயதில் எங்கே சுற்றுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு வருஷத்துக்கான பட்டியல் கிடைத்துவிடும். கார் பேசித் தருவது, எந்த மாதம் வரக்கூடாது என்று சொல்வது, வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு என்று அதோடு இன்னும் பலவும் கிடைக்கும்.

டிக்கெட் விஷயம்

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வெள்ளி இரவு மலைக்கோட்டையில் இடம் வேண்டுமென்றால் திறந்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள். ஞாயிறு இரவுக்குத்தான் போட்டி அதிகம். வேலை கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடித்தால் ரத்து செய்வதில் கொஞ்சம் பணம் போகும். அதற்குப் பயந்து பதிவு செய்யாமல் இருந்தால் ஊரே போகமாட்டோம்.

காத்திருப்புப் பட்டியல் நகரவில்லை என்றால் வியாழக்கிழமை மதியத்துக்குள் முடிவு எடுத்துவிடுங்கள். வெள்ளி இரவு வரை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். புதுக்கோட்டையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திண்டிவனம் பேருந்து ஏறினால் ஒன்பதுக்குள் இராஜகிரி அடிவாரம்.